இடது காது

நவம்பர் 3

அன்புள்ள தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறோம். உன் அண்ணிக்குக் காய்ச்சல், எனக்கு உடம்பெல்லாம் சிராய்ப்பு, அவ்வளவுதான். நீ நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். தொலைபேசிக் கம்பமெல்லாம் ஆற்றோடு போய்விட்டது. தபால்காரர் வாரம் ஒருமுறை படகில் வருகிறார். அவர் கையில்தான் இதைக் கொடுக்க வேண்டும்.

மதகு உடைந்து தண்ணீர் வந்தபோது நான் பால் கறந்துகொண்டிருந்தேன். முதலில் வாளி மிதந்தது. நிமிர்வதற்குள் மாடுகளுக்கு வயிறு வரை ஏறிவிட்டது. கயிற்றில் கட்டியிருந்தவற்றை அரிவாளால் அறுத்துவிட்டேன். சங்கிலி போட்ட வரிசையை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கொம்பால் கிழித்துக்கொண்டு, கழுத்து முறிந்து செத்தன. நெற்றியில் வெள்ளை விழுந்த கிடாரியின் வயிற்றைப் பக்கத்து மாட்டின் கொம்பு திறந்துவிட்டது. குடல் தண்ணீரில் மிதக்க, அது என்னைப் பார்த்துக் கத்தியது. எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. மாமாதான் தன் வீட்டு மேட்டிலிருந்து நீந்தி வந்து, கோடாரியின் பின்பக்கத்தால் ஒரே அடியில் அதன் கத்தலை நிறுத்தினார். "பாக்காதடா, திரும்பிக்க" என்றார். அம்மா செத்த அன்றைக்கும் நம் இருவரிடமும் இதையேதான் சொன்னார்.

செத்த மாட்டுக்கு அரசாங்கம் நிவாரணம் தருகிறதாம். கால்நடை ஆய்வாளர் வந்து பார்த்து, ஒரே மாட்டை இரண்டு பேர் காட்டிவிடாதபடி அடையாள வில்லையோடு இடது காதை அறுத்துக்கொண்டு போவார். காது இல்லாத மாட்டைக் கொண்டுபோய் யாரிடமும் காட்ட முடியாது. அதனால் செத்தவற்றையெல்லாம் மிதந்து போகாமல் வேலிக் கற்களில் கட்டிவைத்திருக்கிறேன். பிழைத்த சில மாடுகளைக் கிழக்கு மேட்டுக்கு மேய்ச்சலுக்கு ஓட்டிப்போகிறோம். நாங்கள் திரும்பும்வரை பிணங்களுக்குக் காவல் மாமா.

மாடுகள் எல்லாம் உன் பெயரில் இருப்பது நினைவிருக்கிறது அல்லவா? நான் அடிதடி வழக்கில் உள்ளே இருந்தபோது அப்பா பதிந்தது. உனக்கும் கையெழுத்து வேலை வரலாம்.

நிவாரணம் வந்தால் மறுபடி மாடு பிடிக்கலாம். வராவிட்டால் இந்த நிலத்தைக் காக்காய்க்கு விட்டுவிட்டு உன்னோடு வந்து பஸ் தகடு தட்ட வேண்டியதுதான். வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்


நவம்பர் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதத்தைப் பணிமனையில் வைத்தே படித்தேன். எல்லோரும் பார்க்க அழுதுவிட்டேன். அண்ணிக்குக் காய்ச்சல் விட்டதா? மாமாவுக்கு முதுகு வலி உண்டே, அந்தக் குளிர்ந்த தண்ணீரில் நீந்தினாரே, எப்படி இருக்கிறார்?

நான் சௌக்கியம். மேலே எழுதியிருப்பது புதிய அறையின் விலாசம். பழைய வீட்டுக்காரன் என் பெட்டியைத் தெருவில் வைத்தான். நான் அவன் கதவுக் கண்ணாடியில் கையை வைத்தேன். ஆறு தையல். உனக்குத் தம்பியாகப் பிறந்துவிட்டு வேறு எப்படி இருப்பேன்? இனி அந்தப் படியைச் செத்தாலும் மிதிக்க மாட்டேன்.

கிடாரியை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அது பிறந்தபோது நான்தான் காலைப் பிடித்து இழுத்தேன். அந்த மாடுகளுக்கு நிவாரணம் கிடைக்கும் வழியைப் பார். நீ இங்கே வரவே கூடாது. இந்தத் தகட்டுச் சத்தத்தில் நீ ஒரு வாரம் தாங்க மாட்டாய், யார் மண்டையிலாவது சுத்தியலைப் போட்டுவிடுவாய்.

அன்புடன்,
தம்பி


நவம்பர் 20

தம்பிக்கு,

அண்ணி தேறிவிட்டாள். நான் நலமாக இல்லை. ஏன் என்று சொல்கிறேன், கேள்.

கிழக்கு மேட்டிலிருந்து இறங்கி வந்தோம். மாடுகள் கட்டிய இடத்திலேயே ஊதிக் கிடந்தன. ஒன்றுக்கும் இடது காது இல்லை. நாய் தின்றதாக இருந்தால் பிய்ந்திருக்கும். இது கத்தியால் ஒரே சீராக அறுத்தது. கிடாரியின் காதும் போயிற்று.

மாமாவிடம் போனேன். "நீ மேட்டுல இருந்தப்ப ஆய்வாளர் வந்துட்டுப் போயிட்டார்டா. எல்லாத்தையும் எண்ணிட்டாரு" என்றார். ஆற்று நடுவில் இருக்கும் நமக்கு அதற்குள் ஆய்வாளர் வந்துவிட்டாராம், காதில் பூச்சுற்றுகிறார். அவருக்கு மட்டும் நிவாரணச் சீட்டு வந்திருக்கிறது, எனக்கு வரவில்லை. கேட்டால், "மாடு தம்பி பேருலல்ல இருக்கு, அவன் விலாசத்துக்குப் போயிருக்கும்" என்கிறார்.

படகு பிடித்து அலுவலகம் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவன் என் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, "உங்க பேருல ஒரு மாடும் இல்லீங்க" என்றான். பிறந்ததிலிருந்து சாணி அள்ளிய எனக்கு ஒரு மாடும் இல்லையாம். உன் பெயரைச் சொல்லிக் கேட்கத் தோன்றவில்லை. கோபத்தில் இறங்கி வந்துவிட்டேன்.

மாமாவுக்குச் செத்தது கொஞ்சம்தான். நம் காதுகளைத் தன் கணக்கில் காட்டிவிட்டார் என்றுதான் என் மனம் சொல்கிறது. திரும்பி வந்ததும் கேட்டேன். சிரித்தார். உதட்டில் ஒன்று வைத்தேன், இரண்டாகப் பிளந்தது. அத்தை நடுவில் வந்ததால் அதோடு நின்றது.

உனக்குச் சீட்டு எதுவும் வந்ததா? வந்திருந்தால் மாமா காலில் விழுகிறேன். வராவிட்டால் அதையும் எழுது. உன் பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன்.

அண்ணன்


நவம்பர் 22

மாப்பிள்ளைக்கு மாமனின் ஆசீர்வாதம்.

நானும் உன் அத்தையும் சுகம். உதடு மட்டும் தையல் போட்ட சாக்குபோல இருக்கிறது, சூடாக எதுவும் குடிக்க முடியவில்லை. உன் சுகத்துக்கு எழுது.

உன் அண்ணன் உனக்கு என்ன எழுதினானோ தெரியாது. நடந்தது இதுதான். ஆய்வாளர் படகில் வந்தார். என் மாடுகளைப் பார்த்த கையோடு கிளம்பப் பார்த்தார். அந்தப் பக்கம் சுழல், வர முடியாது என்றார். நான் படகுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு விடவில்லை. "என் அக்கா பிள்ளைங்க மாடு சார். அதையும் எண்ணிட்டுப் போங்க" என்றேன். கழுத்தளவுத் தண்ணீரில் நின்று ஒவ்வொரு மாட்டின் தலையையும் நான்தான் திருப்பித் திருப்பிக் காட்டினேன். நாற்றம் தாங்காமல் அவர் வாந்தி எடுத்தார். அறுத்த காதுகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு போனார். ஒன்றுகூட விடவில்லை மாப்பிள்ளை.

சீட்டு உன் அறை விலாசத்துக்கு வரும். வந்ததும் அவனுக்கு எழுது. நான் சொன்னால் அவனுக்கு ஏறாது. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள், உன் அண்ணன் கை முதல் பாதியைத்தான் கற்றிருக்கிறது. எனக்கு அவன்மேல் கோபமில்லை. மாடு செத்தவனுக்குப் புத்தி கொஞ்ச நாள் தண்ணீரில்தான் கிடக்கும். அவன் வேலி முழுக்கச் சாய்ந்து கிடக்கிறது, தண்ணீர் வடிந்ததும் நிமிர்த்திக் கொடுக்க வேண்டும்.

உன் மாமா


நவம்பர் 28

அண்ணனுக்கு,

உன் கடிதம் கண்டேன். நலமா என்று கேட்கவே நாக்கு கூசுகிறது.

எனக்கு ஒரு துண்டுக் காகிதமும் வரவில்லை. ஆக, மாமா சொன்னது பச்சைப் பொய். அலுவலகத்திலும் இல்லை, இங்கேயும் இல்லை என்றால் அந்தக் காதுகள் எங்கே போயின? அம்மா போனபின் சோறு போட்ட கை என்று இத்தனை நாளும் மரியாதை வைத்திருந்தேன். போட்ட சோற்றுக்கு வட்டி எடுத்துவிட்டார்.

கிடாரி கத்திக்கொண்டு செத்ததே, அதன் காதை அறுத்துத் தன் பையில் போட எப்படி மனம் வந்தது? பணிமனையில் எல்லோரிடமும் சொன்னேன். "உங்க அண்ணன் இன்னும் சும்மாவா இருக்கான்?" என்று கேட்கிறார்கள்.

கையைக் கட்டிக்கொண்டு இருந்தது போதும். போய் நம் காதுகளைக் கேள். கொடுக்காவிட்டால் அவர் காதை வாங்கிக்கொண்டு வா. நான் அங்கே இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


டிசம்பர் 9

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம்.

மறுபடி மழை. ஆறு ஏறியிருக்கிறது. உன் கடிதம் போன வாரப் படகில் வந்தது. இரண்டு முறை படித்தேன்.

மாமாவைக் காணவில்லை. வெள்ளத்தில் போயிருப்பார் என்று பேசிக்கொள்கிறார்கள். அத்தை கரையோரமாகவே நடந்துகொண்டிருக்கிறார். நானும் கூடப் போய்த் தேடினேன்.

என் கையில் வேலிக் கம்பி கிழித்து நன்றாக வீங்கியிருக்கிறது, அதனால் அதிகம் எழுத முடியவில்லை. மேற்கு வேலி நிமிர்ந்துவிட்டது.

இனிமேல் காது பற்றி எனக்கு எழுதாதே.

அண்ணன்


டிசம்பர் 10

என் உயிர் அண்ணனுக்கு,

நலம், நலம், நூறு முறை நலம். நீ உட்கார்ந்து படி.

பழைய வீட்டுக்காரன் மனைவி இன்று பணிமனை வாசலுக்கே வந்துவிட்டார். அவருக்கு என் மேல் கோபமில்லை. எனக்கு வந்திருந்த தபால்களை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே நிவாரணச் சீட்டு. நம் மாடுகள் எல்லாம் எண்ணப்பட்டிருக்கின்றன. ஒன்று விடாமல். கிடாரியும் இருக்கிறது.

மாடுகளைப் பதிந்தபோது நான் பழைய அறையில்தானே இருந்தேன். இந்த மரமண்டைக்கு அது தோன்றவில்லை. சீட்டு வரும் என்று தெரிந்திருந்தும் வீம்பால் அந்தப் படியை மிதிக்கவில்லை.

மாமா எழுதிய கடிதமும் அதே பையில் இருந்தது. நமக்காகக் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றிருக்கிறார் அண்ணா. ஆய்வாளரின் படகைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். நீ உதட்டைக் கிழித்த பிறகும் உன் வேலியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்.

இந்தக் கடிதம் கிடைத்த நிமிஷமே போய் அவர் காலில் விழு. எனக்கும் சேர்த்து விழு. போன கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடு. அது கோபத்தில் எழுதியது. நீ அதைப் பெரிதாக எடுத்திருக்க மாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் உடனே பதில் போடு.

உன் தம்பி


டிசம்பர் 19

தம்பிக்கு அண்ணி எழுதுவது.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நான் என் அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன். திரும்பிப் போகப்போவதில்லை.

உங்கள் அண்ணன் உங்களுக்கு என்ன எழுதினார் என்று தெரியவில்லை. நான் பார்த்ததை எழுதுகிறேன்.

படகு வந்த அன்று உங்கள் கடிதத்தைப் படித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தீவனம் அறுக்கும் அரிவாளை எடுத்தார். நான் பின்னாலேயே ஓடினேன். மாமா மேற்கு வேலியில் நின்றார். நம் வேலிதான். விழுந்த கல்லை நிமிர்த்திக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும், "வந்துட்டியா, இந்தக் கம்பியைக் கொஞ்சம் பிடி" என்றார்.

இவர் காதுகளைக் கேட்டார். "எங்கிட்ட எங்கடா இருக்கு? அந்த ஆளு சாக்குல அள்ளிக்கிட்டுப் போயிட்டான்" என்று மாமா சிரித்தார். உதட்டில் தையல் இருந்ததால் அவரால் ஒரு பக்கம்தான் சிரிக்க முடிந்தது. "தம்பிக்கு ஒண்ணும் வரலையாம்" என்று கத்திக்கொண்டே இவர் அங்கே கிடந்த வேலிச் சுத்தியலை எடுத்து அவர் தோளில் அடித்தார். மாமா கம்பிமேல் விழுந்தார். முள் முகத்தில் ஏறியது. எழுந்தவர் இவர் கையைக் கடித்தார், விடவே இல்லை. அப்போதுதான் அரிவாள் இறங்கியது.

காது மண்ணில் கிடந்தது. மாமா அதைப் பார்த்தார். தலையைப் பொத்திக்கொண்டு, "தம்பி பேருலடா, தம்பி பேருல இருக்குடா" என்று சொல்லிக்கொண்டே பின்னால் நடந்து தண்ணீருக்குள் போனார். அதோடு விட்டிருக்கலாம். இவர் உள்ளே இறங்கினார். கன்றுக்குக் காதுவில்லை போடும்போது முட்டியை முதுகில் வைத்து அழுத்துவாரே, அப்படி அழுத்தினார். தண்ணீர் சிவந்து, குமிழி வந்து, பிறகு ஒன்றும் வரவில்லை. கையைத் தட்டிவிட்டுக் கரையேறி வந்து, மாமா பாதியில் விட்ட கல்லை நிமிர்த்தி முடித்தார்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கத்தக்கூட இல்லை. அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்கிறேன்.

அதற்குப் பிறகு நீங்கள் எழுதிய கடிதம் இந்த வாரப் படகில் வந்தது. படித்துவிட்டு, "எல்லாத்தையும் எண்ணிட்டாங்களாம்" என்றார். தொழுவத்துக்குள் போய்ச் சங்கிலியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு நாள் எழவில்லை. நான் அவிழ்க்கவும் இல்லை.

மாமாவின் உடல் பாலத்தருகே ஒதுங்கிவிட்டது.

அண்ணி


டிசம்பர் 24

மிகுந்த மரியாதைக்குரிய அத்தைக்கு,

உங்கள் உடல்நலம் பற்றித்தான் எனக்கு எப்போதும் கவலை. இந்தக் குளிரில் கரையோரம் நடக்க வேண்டாம்.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மாமா எனக்குத் தகப்பன் மாதிரி. நடந்தது நடந்துவிட்டது. அண்ணன் தன் நிலையில் இல்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். வெள்ளத்தில் இறந்தவர் குடும்பத்துக்கும் அரசாங்கம் நிவாரணம் தருகிறது, மாட்டுக்குத் தருவதைவிட எவ்வளவோ அதிகம். அலுவலகத்திலிருந்து உங்களிடம் கேட்க வருவார்கள். மாமா தண்ணீரில்தானே இறந்தார், அதை மட்டும் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் போதும். உங்கள் காலம் நிம்மதியாகக் கழியும். அண்ணன் உள்ளே போனால் உங்களுக்கு என்ன கிடைக்கும்? எங்கள் மாட்டு நிவாரணத்தையும் முழுதாக உங்களுக்கே அனுப்பிவிடுகிறேன். அண்ணன் இனி உங்கள் பிள்ளையாக இருந்து உங்களைப் பார்த்துக்கொள்வான்.

யோசித்துச் செய்யுங்கள் அத்தை. அம்மாவுக்குப் பிறகு எங்களுக்கு நீங்கள்தான்.

உங்கள் மருமகன்


ஜனவரி 2

மருமகனுக்கு,

என் உடல்நலம் கேட்டிருந்தாய். நன்றாக இருக்கிறேன், எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை.

உன் கடிதம் வருவதற்கு முன்பே அவர்கள் வந்துவிட்டார்கள். ஒரு குமாஸ்தா, ஒரு போலீஸ்காரர், அந்தக் கால்நடை ஆய்வாளர். பாலத்தருகே கிடந்தவரை நானும் போய்ப் பார்த்தேன். முகம் ஊதி யாரோபோல இருந்தது. உதட்டுத் தையலை வைத்துத்தான் அடையாளம் சொன்னேன். குமாஸ்தா இடது பக்கத்தைப் பார்த்துவிட்டு, "மீன் கடிச்சிருக்கும்மா" என்றான். "மீன் அரிவாள் வச்சிருக்குமா?" என்று கேட்டேன். போலீஸ்காரர் அப்போதுதான் குனிந்து பார்த்தார்.

குமாஸ்தா பாவம், நல்ல பிள்ளை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வெள்ளம்னு சொல்லிடுங்கம்மா, உங்களுக்கு நல்லது" என்றான். நீ எழுதியதும் அதேதான். தண்ணீரில்தானே இறந்தார் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு எப்போதும் எழுத்து நன்றாக வரும். காதை வாங்கிக்கொண்டு வா என்று எழுதினாயே, அதுவும் ஒரே வரி. உன் அண்ணி ஊருக்குப் போகும்முன் என்னிடம் படித்துக் காட்டினாள். அவன் கை செய்தது, உன் வரி செய்ய வைத்தது. இதையும் அவர்களிடம் சொல்லிவிட்டேன். உன்னைத் தேடி வருவார்கள். ஒளியாதே.

உன் அண்ணனைத் தொழுவத்திலிருந்து கூட்டிப்போனார்கள். எதிர்க்கவில்லை. போகும்போது என் காலில் விழ வந்தான். நான் காலை இழுத்துக்கொண்டேன். நீங்கள் இரண்டு பேரும் என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அந்தக் கையை இரண்டு நாளாகக் கழுவிக்கொண்டே இருக்கிறேன்.

பிழைத்த மாடுகள் உன் தொழுவத்தில் பசியில் கத்துகின்றன. அவை என்ன பாவம் செய்தன? காலையில் நான்தான் போய்த் தீவனம் போடுகிறேன். உன் பெயரில் இருக்கிற மாடுகள், உன்னை வெளியே விட்டால் வந்து ஓட்டிப்போ. மேற்கு வேலி வழியாக வராதே. அது அவர் பாதி நிமிர்த்தியது.

கிளம்பும்போது ஆய்வாளர் மட்டும் பின்தங்கி நின்றார். "எதுக்கும்மா வேண்டாம்னு சொல்றீங்க? பெரிய தொகை" என்றார். உனக்கும் அதுதான் பதில் என்பதால் எழுதுகிறேன். "நீங்க போறேன்னு நின்னப்ப படகுக் கயித்தைப் பிடிச்சவரு அவரு. ஒரு மாடுகூட எண்ணாம விட்டுப் போயிடக் கூடாதுன்னு கழுத்தளவுத் தண்ணியில நின்னாரு. அவரை மட்டும் தப்பா எண்ணிட்டுப் போகச் சொல்றீங்களா?" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வெள்ளத்தில் செத்தவர் கணக்கில் உன் மாமா இல்லை.

அத்தை